நாலு பேர் மாற்றிய மூணு வயர்

ஊமத்தம்பாளையத்தின் பந்தயக் கார் பின்னாலேதான் ஓடியது. முன்னாலே ஓட மறுத்துவிட்டது. பந்தயத்துக்கு இன்னும் இரண்டே நாள்.

கார் என்றால் ஏறி உட்காரும் கார் இல்லை. ஒரு முழ நீளம். கையில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு தூர நின்று ஓட்டுவது. அதை வாங்கவும் பூட்டவும் ஓட்டவும் நாலு ஆம்பளைகள். நாலு பேர் வயதையும் கூட்டினால் இருநூற்றுச் சொச்சம் வரும். அறிவை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

முதலில் இருந்து சொல்வதுதான் முறை.

வருஷா வருஷம் மாரியம்மன் நோம்பி முடிந்ததும் ஊமத்தம்பாளையத்துக்கும் பக்கத்து ஊர் கல்லாங்காட்டுப்புதூருக்கும் ரேக்ளா பந்தயம் நடக்கும். சின்ன வண்டி, இரண்டு காளை, இருநூறு மீட்டர் ரோடு. போன வருஷம் இரண்டு ஊருக்கும் சேர்த்து மூன்று காளைதான் தேறியது. அதிலும் ஒன்று படுத்துக்கொண்டது. விழாக்குழு கூடிப் பேசி, இனிமேல் ரிமோட் கார் விடலாம் என்று முடிவு செய்தது. யோசனை கல்லாங்காட்டுப்புதூர் குப்புராசுவுடையது. அவனிடம் ஏற்கெனவே ஒரு கார் இருந்தது. யோசனை அப்படித்தான் வரும்.

குப்புராசு ஊமத்தம்பாளையம் நாச்சிமுத்துவின் மச்சினன். அவர் மனைவி மயிலாத்தாளின் கூடப் பிறந்த தம்பி. டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் அவன் கேட்டான்:

"ஏனுங் மாமா, உங்க ஊர்ல ரிமோட்டுன்னா டீவிக்குத்தானுங்களே தெரியும்?"

நாச்சிமுத்துவுக்குக் கோபம் மூக்கின் மேல். மூக்குக்குக் கீழே மீசை. இரண்டும் சேர்ந்து துடித்தன.

"தோக்கறவன் மீசைய எடுத்துக்கோணும். செரியாடா?"

"செரீங் மாமா," என்றான் குப்புராசு. கண் இமைக்கிற நேரம்கூட யோசிக்கவில்லை.

நாச்சிமுத்து வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்ற பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. முப்பத்திரண்டு வருஷத்து மீசை. மணவறையில் உட்காரும்போதே இருந்தது. அந்த மேலுதட்டை மயிலாத்தாள் பார்த்ததே இல்லை. அது எப்படி இருக்கும் என்று அவருக்கே மறந்துவிட்டது.

மறுநாள் காலை மூன்று பேரைக் கூட்டினார். ஒருவர் பங்காளி சென்னியப்பன். இருபது வருஷமாய்க் கிணற்றில் ஏழரை எச்பி மோட்டார் வைத்திருக்கிறார், அதனால் மோட்டார் விஷயம் எல்லாம் அவருக்கு அத்துபடி. இன்னொருவர் திருமூர்த்தி. அந்தக் காலத்து ரேக்ளா ஓட்டி. எதைப் பார்த்தாலும் மாடாகப் பார்ப்பார். மூன்றாமவர் ஆறுச்சாமி. சட்டைப் பையில் பஞ்சாங்கம் இல்லாமல் தும்மக்கூட மாட்டார்.

நாலு பேரும் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினார்கள்.

கடைக்காரர் பெயர் தாமோதரன். பொறுமைசாலி. அன்று பதினொரு மணி வரை.

"என்ன கார் வேணுமுங்க?"

"செயிக்கற கார்," என்றார் நாச்சிமுத்து.

தாமோதரன் நாலு சக்கரமும் அடிக்கட்டையும் மேல்மூடியுமாய் ஒன்றை எடுத்து வைத்தார். "மோட்டார் தனி, ஸ்பீடு கன்ட்ரோலர் தனி, பேட்டரி தனி. மூணும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தற மாதிரி எடுக்கோணும். மோட்டார் மேல கேவின்னு ஒரு நம்பர் போட்டிருக்கும். ஒரு வோல்ட்டுக்கு எத்தன சுத்து சுத்தும்னு கணக்கு. நம்பர் கொறஞ்சா இழுவை ஜாஸ்தி, ஏறுனா வேகம் ஜாஸ்தி. உங்களுக்கு எது வேணும்?"

நாலு பேரும் ஒரு ஓரமாகப் போய்க் கூடிப் பேசினார்கள். திரும்பி வந்தார்கள்.

"அதெல்லாம் இருக்கட்டும். எத்தன எச்பி?" என்றார் சென்னியப்பன்.

"எச்பி கணக்கு இதுக்கு இல்லீங்க."

"தண்ணி எத்தன அடி தூக்கும்?"

"தண்ணி தூக்காதுங்க. கார் ஓட்டும்."

"ஒரு வேலதான் தெரியுமா அதுக்கு?"

சென்னியப்பனுக்கு ஏமாற்றம். திருமூர்த்தி அவரை விலக்கிவிட்டு முன்னால் வந்தார். மோட்டார்களை வரிசையாய் மேசை மேல் நிறுத்தச் சொன்னார். ஒவ்வொன்றின் முதுகிலும் உள்ளங்கையால் தடவிச் சுழி பார்த்தார். பின்னால் தொங்கிய மூன்று வயர்களையும் பிடித்து இழுத்தார்.

"மூணு வாலு. மூணும் ஒரே நீளம். நல்ல சாதி."

மோட்டாரின் தண்டை விரலால் திருகினார். உள்ளே காந்தம். திக்குத் திக்கென்று நின்று நின்று திரும்பியது.

"மொரண்டு பண்ணுது பாத்தியா! மொரண்டு பண்றதுதான் ஓடும். சொன்ன பேச்சு கேக்கறது உழவுக்குத்தான் ஆகும்."

எல்லா மோட்டாரும் அப்படித்தான் திரும்பின. எல்லாமே நல்ல உருப்படி என்று தீர்ப்பானது. அப்புறம் ஆறுச்சாமி நம்பர்களைக் கூட்டினார். ஒன்றில் நாலாயிரத்து ஐந்நூறு என்று போட்டிருந்தது. நாலும் அஞ்சும் ஒன்பது. அதையே எடுத்தார்கள். வேகமான மோட்டார்தான். தப்பித் தவறி நல்லதாய் அமைந்துவிட்டது.

அடுத்தது ஸ்பீடு கன்ட்ரோலர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, மேலே குட்டி ஃபேன். நாச்சிமுத்து அதை வாங்க மறுத்தார்.

"வேகமாப் போறதுக்குத்தான் இத்தன தூரம் வந்திருக்கறோம். வேகத்தக் கட்டுப்படுத்தற சாமானம் எங்களுக்கு எதுக்கு? அதக் குப்புராசுக்கு வித்துப்போடுங்க."

"அது இல்லாட்டி மோட்டார் சுத்தவே சுத்தாதுங்க. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவுல நின்னு, கரண்ட அளந்து அளந்து குடுக்கறது அதுதான்."

"ரேசன் கடையாட்டவா?"

தாமோதரன் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆமாங்க. மோட்டார் எவ்வளவு கேட்டாலும் தாங்கோணும். அதனால மோட்டார விடக் கன்ட்ரோலர் கொஞ்சம் பெருசா இருக்கட்டும்."

ஆறுச்சாமி இடுப்பிலிருந்து அரைஞாண் கயிற்றை அவிழ்த்தார். மோட்டாரைச் சுற்றி அளந்தார். கன்ட்ரோலரைச் சுற்றி அளந்தார். ஆம்பியரைச் சொன்னேன் என்று தாமோதரன் சொன்னது யார் காதிலும் விழவில்லை. பெரிய பெட்டியாய் ஒன்று வந்தது. அதுவும் தப்பித் தவறிச் சரியாய்ப் போயிற்று. முட்டாள்களுக்கு வாங்குமிடத்தில் கஷ்டம் வருவதில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான்.

இரண்டு பேட்டரி வாங்கினார்கள். தாமோதரன் செய்முறை சொல்லச் சொல்லச் சென்னியப்பன் எழுதிக்கொண்டார். ஒரு எழுத்து விடவில்லை. ஒரு எழுத்து சேர்க்கவும் இல்லை. அதுதான் வினை.

தாளில் முதலாவதாக இருந்தது: மோட்டாரை மாட்டும்போது இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவே துண்டுக் காகிதம் ஒன்று வைத்து, அழுத்திப் பிடித்து, திருகாணியை முறுக்கவும்.

"என்ன காயிதம்னு சொல்லலியே," என்றார் திருமூர்த்தி.

"மஞ்சத் தடவுன காயிதமா இருந்தா நல்லது," என்றார் ஆறுச்சாமி.

ஒரு கல்யாணப் பத்திரிகையின் மூலையைக் கிழித்து வைத்தார்கள். முறுக்கினார்கள். காகிதத்தை எடு என்று தாளில் இல்லை. எடுக்கவில்லை. காகிதம் இடைவெளி வருவதற்காக என்பது நமக்குத் தெரியும். அவர்களுக்கு அது காருக்குக் கட்டிய காப்பு.

இரண்டாவது: பேட்டரி சார்ஜ் ஏறும்போது அதை விட்டுவிட்டு எங்கேயும் போகக் கூடாது.

சார்ஜ் போட்ட அன்றைக்குத் திருமூர்த்தியின் பேத்திக்குக் காதுகுத்து. போகாமல் இருக்க முடியாது. பேட்டரியை விடவும் முடியாது. சார்ஜரோடு தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார்கள். மேளக்காரரின் மைக்கைப் பிடுங்கிவிட்டு அந்தப் பிளக்கில் சொருகினார்கள். நெருப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது என்று தாளில் இருந்ததால் குத்துவிளக்கை அணைக்கச் சொன்னார்கள். அதில் கொஞ்சம் சண்டை வந்தது. போட்டோவில் நாலு பேரும் குனிந்து பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குழந்தை மட்டும் காமிராவைப் பார்த்து அழுகிறது.

மூன்றாவது: ஓட்டாத நாளில் பேட்டரியைப் பாதி சார்ஜில் வைக்கவும்.

"பாதின்னு எப்படிக் கண்டுபுடிக்கறது?" என்றார் நாச்சிமுத்து.

சென்னியப்பன் கண்ணை மூடி யோசித்தார். "பேட்டரி எத்தன இருக்குது?"

"ரெண்டு."

"ஒண்ண முழுசா ஏத்து. ஒண்ணச் சுத்தமா எறக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெய்யி. மொத்தத்துல பாதி."

மூன்று பேரும் அவரை மரியாதையோடு பார்த்தார்கள். இருபது வருஷ அனுபவம் சும்மாவா.

நாலாவதுதான் பெரிய கூத்து. முதல் தடவை சக்கரம் தரையில் படாமல் ஓட்டிப் பார்க்கவும். ஒரு செங்கல் மேல் காரை வைத்துச் சக்கரத்தை அந்தரத்தில் சுற்றவிடுவது என்று அதற்கு அர்த்தம். அவர்கள் என்ன செய்தார்கள்? ஆளுக்கு ஒரு மூலையாய்க் காரைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரை ஓடினார்கள். திரும்பி ஓடி வந்தார்கள். நாச்சிமுத்து ஒரு கையில் காரையும் ஒரு கையில் ரிமோட்டையும் பிடித்திருந்தார். சக்கரம் கிர்ரென்று சுற்றியது. பல்சக்கரம் கல்யாணப் பத்திரிகையைத் தின்று பொடிப்பொடியாய்த் துப்பியது. பூத் தூவுகிற மாதிரி இருந்தது.

"அருமையா ஓடுது!" என்ற திருமூர்த்திக்கு மூச்சு வாங்கியது.

"காத்தாட்டப் போகுது!" என்றார் சென்னியப்பன்.

ஓடியது அவர்கள் என்பதால் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் தரையில் விட்டார்கள். ஸ்விட்சைப் போட்டதும் கன்ட்ரோலர் பீப் பீப் என்று இரண்டு தடவை கத்தியது. எல்லாக் கன்ட்ரோலரும் கத்தும். ஆறுச்சாமி கையைக் காட்டி நிறுத்திவிட்டுப் பஞ்சாங்கத்தில் பல்லி சொல்லுக்குப் பலன் போட்ட பக்கத்தைப் பிரித்தார்.

"தென்கெழக்குல இருந்து ரெண்டு சத்தம். செவ்வாக்கெழம. கலகம்னு போட்டிருக்குது."

"இப்ப என்ன பண்றது?"

"ஆப் பண்ணிப்போட்டு அந்த மூலைக்குக் கொண்டாங்க. அங்க இருந்து கத்தட்டும்."

வாசலின் ஆறு மூலையில் வைத்துக் கத்த விட்டார்கள். ஏழாவது இடத்தில் 'பகை தீரும்' என்று வந்தது. நாச்சிமுத்து குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு ரிமோட்டின் விசையில் வைத்த விரலை இழுத்தார். கார் பின்னாலே பாய்ந்து, மயிலாத்தாள் இறக்கி வைத்திருந்த மோர்ப்பானையை உடைத்துவிட்டு நின்றது.

மயிலாத்தாள் சமையல்கட்டிலிருந்து வந்து பார்த்தாள். மோர் வாசல் முழுக்க ஓடியது.

"குப்புராசு காரு கோட்டப் பாத்து ஓடுது. உங்க காரு பானையப் பாத்து ஓடுது. நல்ல காருங்க."

நாச்சிமுத்து மேலுதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அங்கே காற்று படுகிற மாதிரி இருந்தது.

தாமோதரனுக்குப் போன் போட்டார்கள். நாலு தலையும் போனைச் சுற்றி முட்டிக்கொண்டு நின்றன.

"திரும்பிச் சுத்துதா? ஒண்ணுமில்லீங்க," என்றார் தாமோதரன். "மோட்டாருக்குப் போற மூணு வயர்ல ஏதாச்சும் ரெண்டக் கழட்டி, மாத்திச் சொருகுங்க. செரியாயிரும். வேற எதையும் தொட்டராதீங்க."

"இதென்ன பெரிய வித்தை!" என்று சென்னியப்பன் சிரித்தார். "கிணத்து மோட்டார் திரும்பிச் சுத்துனாலும் இதே வைத்தியந்தான். ரெண்டு பேஸ மாத்திக் குடுத்தாப் போச்சு. எங்களுக்குத் தெரியாதா?"

ஆனால் ஆறுச்சாமி, இப்போது நேரம் சரியில்லை, நாளைக்கு நோம்பிக் கொடி இறக்கிய பிறகு பார்க்கலாம் என்றார். சரி என்று கலைந்தார்கள். கார் வாசலிலேயே ஒரு கூடைக்குள் கிடந்தது.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரம். சென்னியப்பன் தனியாய் வந்தார். மோட்டார் விஷயத்தில் மற்ற மூன்று பேரையும் நம்பிப் பயனில்லை என்று அவருக்குத் தோன்றியது. இரண்டு வயரை மாற்றிச் சொருகினார். போனார்.

சாப்பாடு முடிந்து ஊரே படுத்திருக்கும்போது திருமூர்த்தி வந்தார். வாலைப் பிடிக்கத் தெரிந்தவன் தான் ஒருத்தன்தான் என்பது அவர் எண்ணம். இரண்டு வயரை மாற்றிச் சொருகினார். போனார்.

ஆறுச்சாமி ராகு காலம் கழிந்து வந்தார். வடக்கே பார்த்து உட்கார்ந்து மாற்றினார்.

கடைசியாய் நாச்சிமுத்து. போகிற மீசை தன்னுடையது, அதை மூன்று பேர் கையில் ஒப்படைப்பதா? அவரும் மாற்றினார்.

ஒருவரும் ஒருவரிடமும் சொல்லவில்லை. நாளைக்குக் கார் முன்னாலே ஓடும்போது, "நான்தான்" என்று மீசையை முறுக்கலாம் என்று ஒவ்வொருவரும் வைத்திருந்தார்கள். முறுக்க மீசை உள்ளவர்கள்.

ஒரு தடவை மாற்றினால் மோட்டார் திசை மாறும். இன்னொரு தடவை மாற்றினால் பழையபடி. நாலு தடவைக்கு என்ன ஆகும் என்று விரல் விட்டு எண்ணத் தெரிந்தவனுக்குத் தெரியும். சாயங்காலம் ஸ்விட்சைப் போட்டார்கள். கார் பின்னாலே ஓடியது.

நாலு பேர் முகமும் வெளுத்துப் போயிற்று. ஒவ்வொருவருக்கும், தன் கைப்பட்டும் தீராத நோய் என்றால் வேறு எவன் கைக்கும் தீராது என்பது நிச்சயம். வயரை மாற்றிப் பார்க்கலாமா என்று ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. சபை கூடியது.

"பின்னால போற மாட்ட நான் பாத்திருக்கறேன்," என்றார் திருமூர்த்தி. "மொளகாப் பொடி வெப்பாங்க."

"எங்க வெக்கறது இதுல?"

திருமூர்த்தி காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"இன்னிக்கு வடக்க சூலம்," என்றார் ஆறுச்சாமி. "அதனாலதான் தெற்க ஓடுது."

"தெற்க பாத்து வெச்சா வடக்க ஓடுதேப்பா?"

"அதுக்கு வேற காரணம் இருக்கும்."

நாச்சிமுத்து கண்ணாடி எடுத்து வரப் போனார். அப்போது சென்னியப்பன் கையை உயர்த்தினார்.

"ஏப்பா, ஒண்ணு கேக்கறேன். பின்னால ஓடுது, பின்னால ஓடுதுங்கறோமே. இதுல எது முன்னால, எது பின்னாலன்னு எதை வெச்சுச் சொல்றோம்?"

"மேல்மூடியில மூஞ்சி போட்டிருக்குதில்ல. லைட்டெல்லாம்."

"மூடிய யாரு மாட்டுனா?"

"நாமதான்."

"அப்பறமென்ன? கழட்டித் திருப்பி மாட்டு."

மூடியைப் பிடித்திருந்த நாலு ஊசியைப் பிடுங்கி, அதைத் திருப்பி மாட்டினார்கள். விரலை இழுத்ததும் கார் மூஞ்சி இருக்கிற பக்கம் பாய்ந்தது. நாச்சிமுத்துவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சென்னியப்பனைக் கட்டிக்கொண்டார். இடம் வலம் திரும்புகிற சக்கரம் இப்போது பின்னாலே இருந்ததால் கார் கள்ளுக்கடையில் இருந்து வருகிறவன் மாதிரி போனது. அதனாலென்ன. முன்னாலே போனது.

பந்தய நாள். மாரியம்மன் கோயில் முன்னால் ரோட்டின் நடுவே சுண்ணாம்பில் கோடு. கிழக்கே இருநூறு மீட்டரில் முடிவுக் கோடு. இரண்டு ஊரும் கூடியிருந்தது. மேடையில் சலூன்காரர் ஒருவரைக் கத்தியும் சோப்புமாய் உட்கார வைத்திருந்தது விழாக்குழு. நாச்சிமுத்து அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"காரைப் பாத்துக்க. தேங்கா ஒடச்சுப்போட்டு வந்தர்றோம்," என்று மயிலாத்தாளிடம் சொல்லிவிட்டு நாலு பேரும் கோயிலுக்குள் போனார்கள். நூற்றெட்டுத் தேங்காய். நேரமாயிற்று. திரும்பி வந்து, கார் கூடையில் வைத்தபடியே இருக்கக் கண்டு திருப்திப்பட்டு, மூஞ்சி கிழக்கே பார்க்கக் கோட்டில் நிறுத்தினார்கள். பக்கத்தில் குப்புராசுவின் கார்.

செய்முறைத் தாளின் கடைசி வரியைச் சென்னியப்பன் சத்தமாய்ப் படித்தார்: "பந்தயத்தில் கோடு தாண்டும் வரை விரலை எடுக்கக் கூடாது."

"எடுக்கமாட்டேன்," என்றார் நாச்சிமுத்து. சத்தியம் மாதிரி இருந்தது.

விசில் ஊதியது. குப்புராசுவின் கார் கிழக்கே பாய்ந்தது. நாச்சிமுத்துவின் கார் மேற்கே பாய்ந்தது.

பின்னால் நின்ற கூட்டம் வேட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டாய்ப் பிளந்தது. வாலுக்குக் கீழே நெருப்பு வைத்த மாதிரி நேர்கோட்டில் போனது கார். அந்த வேகம் அந்த ரோடு பார்த்ததில்லை.

"யப்பா! பின்னால போறப்பவே இந்த வேகம்னா முன்னால விட்டா என்னாகும்?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"விரல எடு மாப்ள! விரல எடு!" என்று திருமூர்த்தி கத்தினார்.

"கோடு தாண்டலியே!"

"அது அந்தப் பக்கமில்ல போகுது, கோடு இந்தப் பக்கம்!"

"அப்ப இன்னும் தாண்டலதான!"

விரலை எடுக்கவில்லை. கார் முந்நூறு மீட்டர் தாண்டி, ரிமோட்டுக்கு எட்டாத தூரத்தில் நின்றது. திருமூர்த்தி மொபெட்டில் போய் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பாதி தூரம் வந்ததும் ரிமோட் எட்டியது. மடியில் நாலு சக்கரமும் ஊளையிட்டுச் சுற்றின. வேட்டி போயிற்று. ஆனாலும் விடாமல் வந்து, காரைக் கையில் தூக்கிக்கொண்டே முடிவுக் கோட்டைத் தாண்டினார். நாச்சிமுத்து விரலை எடுத்தார்.

குப்புராசு எப்போதோ ஜெயித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றான். சலூன்காரர் சோப்பு நுரை போட ஆரம்பித்தார்.

"கொஞ்சம் இருங்க," என்றார் சென்னியப்பன். "நோட்டீசுல என்ன போட்டிருக்குது? படிங்க."

விழாக்குழுத் தலைவர் படித்தார். "இருநூறு மீட்டரை முதலில் கடக்கும் கார் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்படும்."

"எந்தப் பக்கம்னு போட்டிருக்குதா?"

தலைவர் நோட்டீசைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் நகைக்கடை விளம்பரம் இருந்தது. "போடலீங்க."

"அப்பறமென்ன, கயிறு எடுங்க."

மேற்கே இருநூறு மீட்டர் அளந்தார்கள். சரியாய் அந்த இடத்தில் இளநீர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரை விசாரித்தார்கள். "அது என்னயத் தாண்டி ஒரு எளநி சீவி முடிச்சேனுங்க. அப்பறந்தான் அங்க செயிச்ச விசில் ஊதுனாங்க," என்றார்.

"இது அநியாயமுங் மாமா! அது திரும்பி ஓடியிருக்குது!" என்று குப்புராசு குதித்தான்.

"ஓடுச்சா இல்லியா?" என்றார் தலைவர். அவர் ஊமத்தம்பாளையத்துக்காரர். தீர்ப்பு சொல்லியாயிற்று.

சலூன்காரர் நுரையோடு குப்புராசுவிடம் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார். அப்போதுதான் எல்லாரும் குப்புராசுவின் முகத்தைப் பார்த்தார்கள். மூக்குக்குக் கீழே ஒரு முடி இல்லை. அவன் மீசை வைத்ததே கிடையாது.

நாலு பேரும் மறுபடி கூடினார்கள்.

"அவன் பந்தயம் கட்டறதுக்கு முன்னாடியே எடுத்துப்போட்டான்," என்றார் ஆறுச்சாமி.

"அப்ப முன்னாடியே தோத்துட்டானா?"

"முன்னாடி எடுத்ததெல்லாம் கணக்குல வராது," என்றார் சென்னியப்பன். "வளக்கச் சொல்லு. ஒரு மண்டலம். வளந்ததுக்கப்பறம் எடுக்கச் சொல்லு."

நாற்பத்தெட்டு நாள் கெடு என்று தலைவர் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். குப்புராசுவும் போட்டான். அறிவில் அவனும் பக்கத்து ஊர்தானே.

பிறகு மைக்செட்காரன் கேட்டான், இந்த ஓட்டம் ஓடிய மோட்டாரைச் சரி செய்தது யார் என்று. நாலு கை உயர்ந்தது.

"நான்தான் வயர மாத்துனேன்," என்றார்கள் நாலு பேரும். ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பார்த்தார்கள். அங்கேயே தாமோதரனுக்குப் போன் போட்டார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டார்.

"நாலு தடவ மாத்துனா மொதல்ல இருந்தபடியேதாங்க நிக்கும். அஞ்சாவதா யாரோ மாத்தியிருக்கறாங்க." அவ்வளவு சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை.

நாலு பேரும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள்.

"காரு எங்க இருந்துச்சு?" என்றார் ஆறுச்சாமி மெல்ல.

"கோயில் முன்னால."

"கோயில்ல யாரு இருக்கறா?"

நாச்சிமுத்துவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாலு பேரும் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே நெடுஞ்சாண்கிடையாய் விழுந்தார்கள். மோட்டாரைச் சரி செய்து கொடுத்த அன்னை மாரியம்மனுக்கு நன்றி என்று மைக் அலறியது. பெண்கள் குலவை போட்டார்கள். மயிலாத்தாளும் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நாச்சிமுத்துவுக்கு ஆவேசம் அடங்கவில்லை. "எனக்காவ அம்மனே எறங்கி வந்து வயர மாத்தியிருக்கறா. கேட்டியா புள்ள?"

"கேட்டனுங்க." மயிலாத்தாள் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். கறுப்பாய் இருந்தது. "கெணத்து மோட்டார் எப்பத் திரும்பிச் சுத்துனாலும் வயர மாத்தறது யாருங்க இந்த வீட்டுல? முப்பத்திரண்டு வருசமா அந்த ஒதட்டப் பாக்காமயே குடும்பம் நல்லாத்தான் போச்சு. இனிமே பாத்து என்னாகப் போகுது? இதுல ஒரே கிரீசு, சேலயில ஆகுது. அந்தச் சோப்ப எடுங்க."

நாச்சிமுத்து அந்தக் கையைப் பார்த்தார். பார்த்ததும் சட்டென்று விளங்கிவிட்டது. நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடடா! வயர மாத்துனவ கையில கிரீசு ஆயிருக்குமே! ஒருத்தனுக்கும் தோணலியே!"

அலமாரியில் இருந்த புதுச் சோப்பை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினார். இன்றைக்கும் ஊமத்தம்பாளையம் மாரியம்மன் சன்னதியில் மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழத்தோடு ஒரு சோப்பும் ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்திருக்கும். கரைந்தால் வேறு சோப்பு வைப்பார்கள்.

கை கழுவ வேண்டியவள் அடுப்புச் சாம்பலைத் தொட்டுக் கழுவிக்கொண்டு சோறு வடிக்கப் போனாள். அவள் மயிலாத்தாள்.